காது உடைந்த கப்

வேண்டாம் தம்பி. காபி வேண்டாம். மரியாதைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வேண்டாம். நீங்கள் குடியுங்கள். விருதுநகரில் பஸ் கொஞ்சம் நிற்கும். டிரைவர் இறங்கிப் போகிறார் பாருங்கள், இப்போதைக்கு வர மாட்டார். இந்த ரூட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கியே தலை நரைத்தவன் நான். எந்த டிரைவர் எங்கே எவ்வளவு நேரம் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

காபி பிடிக்காதா என்றா கேட்கிறீர்கள்? பிடிக்கும். காலையிலேயே குடித்தாகிவிட்டது. துருக்கிக் காபி.

சிரிக்காதீர்கள். கோவில்பட்டியில் துருக்கிக் காபி குடிக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விரும்பிக் குடிக்கவில்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் குடிக்கிறேன். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். குறுக்கே பேசக் கூடாது.

எனக்கு ஒரே மகள். செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பேர். அம்மா இல்லாத பிள்ளை. அவள் காலேஜ் முடிக்கும் முன்பே என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் போய்விட்டாள். மகள் நூல், துணி சம்பந்தமான இன்ஜினியரிங் படித்தாள். கோவில்பட்டியில் இல்லாத மில்லா? துருக்கியில் வேலை கிடைத்திருக்கிறது, ரெண்டே வருஷம் என்றாள். போனாள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் போன்.

"அப்பா, ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"கூட வேலை பாக்கிறவர். ஓர்ஹான்னு பேரு."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்ப்பா. இஸ்மீர்."

மதம்தானே என்று கேட்கப் போகிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. அது இல்லை. டிப்போவில் பீர் முகம்மதும் நானும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சாதிசனம் பேசத்தான் செய்தது. பேசிவிட்டுப் போகட்டும். என் கேள்வி வேறு. இஸ்மீர் எங்கே இருக்கிறது? மேப்பில் பார்த்தேன். நடுவில் ஒரு கடல், அந்தப் பக்கம் பாலைவனம், மலை, அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு கடல். அந்தக் கடல் கரையில் இருக்கிறது. அவளுக்கு ஒன்று என்றால் எந்த பஸ் பிடித்துப் போவது? எனக்காகச் சொல்லவில்லை. எனக்கு யாரும் வேண்டாம். நானே சோறாக்குகிறேன், நானே துவைக்கிறேன்.

முடியாது என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிவிட்டேன். போனில் சொன்னால் அழுவாள். "அவங்க அம்மா அப்பாவோட நம்ம வீட்டுக்கு வந்து முறையாப் பெண் கேப்பாங்கப்பா" என்றாள். சரி, வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். என் மச்சினன் குருசாமியிடம் மட்டும் சொன்னேன்.

அவன் கேட்டான், "எந்தப் பாஷையில சொல்லுவீங்க அத்தான்?"

பாருங்கள், அதை நான் யோசிக்கவே இல்லை. வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டியவள் யார்? என் மகள். உன்னைக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னால், என்னைக் கொடுக்க மாட்டாராம் என்று அவள்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

"நோன்னு சொல்லுங்க அத்தான். உலகத்துக்கே புரியும்" என்றான் குருசாமி.

நோ என்பது டிக்கெட் எடுக்காதவனிடம் சொல்கிற வார்த்தை. கடல் தாண்டி வீடு தேடி வந்த மனுஷரிடம் காரணத்தோடு நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? அந்த நாலு வார்த்தையைத்தான் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் செண்பகம் வந்தாள். பெட்டியைத் திறந்தால் ஒரு செம்புப் பாத்திரம், நம் எண்ணெய்க் கரண்டி அளவு, நீளக் கைப்பிடி. ஒரு டப்பா காபித்தூள். தங்க விளிம்பு போட்ட குட்டிக் கப் ஒரு செட். பிளேனில் ரெண்டு உடைந்து நாலுதான் உருப்படி.

"என்னத்துக்கு இதெல்லாம்?"

"பெண் கேக்க வர்ற அன்னிக்கு நான்தான்ப்பா காபி போடணும். அவங்க வழக்கம்."

இங்கே மட்டும் என்ன? நம் ஊரில் பெண் பார்க்கப் போனால் மோரா கொடுக்கிறார்கள்? ஆனால் அவர்கள் காபி வேறு மாதிரி. தூள் விபூதி மாதிரி இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் தூளையும் சர்க்கரையையும் சேர்த்தே போட்டுவிட வேண்டும். அப்புறம் சர்க்கரை போட்டுக் கலக்கக் கூடாது, மண்டி எழும்பிவிடும். அதனால் யாருக்கு எவ்வளவு இனிப்பு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வார்களாம். அடுப்புக் கம்பி மேல் அந்தப் பாத்திரம் நிற்கவில்லை. தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் வைத்தாள். கொதிக்க விடக் கூடாதாம். நுரை ஏறி வரும்போதே இறக்கி, முதலில் நுரையை ஒவ்வொரு கப்பிலும் பங்கு வைத்து, பிறகு ஊற்றுகிறாள். வடிகட்டுவது கிடையாது. பால் கிடையாது.

எனக்கு ஒன்று கொடுத்தாள். நான் டபராவை எடுத்து ஆற்றினேன்.

"அப்பா, ஆத்தாதீங்க!"

"காபியை ஆத்தாம?"

"மண்டி அடியில தங்கணும்ப்பா. மேலாக உறிஞ்சிக் குடிச்சுட்டு அடியில விட்டுறணும். பேசிக்கிட்டே மெதுவாக் குடிக்கிறது. ஜீரணத்துக்கு நல்லது. இதயத்துக்கு நல்லது. வயசானவங்களுக்கு ஞாபகம் மங்காதுன்னு சொல்வாங்க."

இவ்வளவு நல்லது என்றால் அந்த ஊரில் ஆஸ்பத்திரியே இருக்கக் கூடாதே என்றேன். கோபித்துக்கொண்டாள். இன்னொன்றும் சொன்னாள். காபியோடு ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள், அதைக் காபிக்கு முன்னால் குடிக்க வேண்டும், வாய் சுத்தமாகி ருசி நன்றாகத் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் மாட்டினேன்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு பிரஷர் இருக்கிறது. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் போலீஸ் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து போன் பண்ணி, "இன்னிக்குக் குழம்புல உப்பு போட்டீங்களா?" என்பாள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பு டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். என் மூட்டுக்கு ஸ்டூல் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

வந்தார்கள். ஓர்ஹான், அவன் அம்மா நெர்மின், அப்பா ரிஃபாத். கோவில்பட்டி வெயிலில் அந்த மனுஷர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கப்பலில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் பூங்கொத்து, மாவு தூவிய மிட்டாய் ஒரு பெட்டி. வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரிக் கரைகிறது. குருசாமி பாதிப் பெட்டியைக் காலி பண்ணினான். பதிலுக்கு எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் வைத்தோம். ரிஃபாத் கடித்த சத்தம் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். பல் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நல்ல மனுஷர்கள்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல மனுஷர்களாக இருந்தால் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டுமா?

செண்பகம் உள்ளே காபி போடப் போனாள். ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. மேல் தட்டிலிருந்து டப்பா இறங்குகிறது. சர்க்கரை தீர்ந்துவிட்டதாக்கும், மேலே இருப்பதை எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டோடு வந்தாள். நாலு தங்க விளிம்புக் கப். அஞ்சாவது, எங்கள் வீட்டுப் பழைய பீங்கான் கப். நீலப் பூ போட்டது. காது உடைந்தது. அதைக் கொண்டுபோய் அந்தப் பையன் பக்கமாக வைத்திருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சி இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. நல்ல பாத்திரம் விருந்தாளிக்கு. உடைந்தது, நெளிந்தது, ஜோடி சேராதது வீட்டு ஆளுக்கு. இவள் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த சட்டம். பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறேன், சரி. அதற்காக வீடு தேடி வந்தவனுக்குக் காது உடைந்த கப்பிலா காபி கொடுப்பது?

எட்டி அதை எடுத்துக்கொண்டேன். என் பக்கம் இருந்த நல்ல கப்பை அவன் பக்கம் தள்ளினேன்.

"அப்பா, அது அவருக்கு. அதுல..."

"இரு. மூணு வருஷத்துல வீட்டுப் பழக்கம் மறந்துபோச்சா?"

நான் அவளைப் பேச விட்டால்தானே. கப்பை வாயில் வைத்துவிட்டேன்.

உப்பு தம்பி. கடல் தண்ணீர் உப்பு.

வருஷக் கணக்கில் உப்பு பார்க்காத நாக்கு. என் சோற்றில் ஒரு கல் உப்பு போட விடாதவள் ஒரு குட்டிக் கப்பில் ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டிருக்கிறாள். எனக்கு என்ன தோன்றும்? பிள்ளைக்குச் சர்க்கரைக்கும் உப்புக்கும் டப்பா மாறிப்போய்விட்டது. தாய் இருந்திருந்தால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்திருப்பாள்.

இப்போதுதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் முடியாது என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன் இல்லையா? காரணம் என் கைக்கே வந்துவிட்டது. முகத்தைச் சுளித்துக் கப்பை வைத்துவிட்டு, "ஒரு காபி போடத் தெரியலை, இவளுக்கு என்ன அவசரம், போகட்டும் ஒரு ரெண்டு வருஷம்" என்று சிரித்தால் முடிந்தது. யார் மனசும் நோகாது. அதைவிட நல்ல வழி கிடைக்காது.

நாலு பேர் முன்னால் என் பிள்ளை தலை குனிந்து நிற்பதா?

குடித்துவிட்டேன். கஷாயம் மாதிரி ஒரே மடக்கு. முகம் அசையவில்லை. அசையாமல் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம், பஸ்ஸில் எத்தனை பேர் எத்தனை கதை சொல்லியிருப்பார்கள்.

ஒரே மடக்காகக் குடித்ததில் அடியில் கிடந்த மண்டி மொத்தமும் வாய்க்குள் வந்துவிட்டது. சேறு. பல், நாக்கு, அண்ணம் எல்லாம் சேறு. துப்ப முடியாது, எதிரே சம்பந்தி வீட்டார். சம்பந்தி என்று சொல்லக் கூடாது, அப்போது இல்லை. தண்ணீர் கிளாஸைப் பார்த்தேன். காலி. காபிக்கு முன்னால் குடிக்க வேண்டும் என்று அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து ரிஃபாத் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். என்னைப் பார்த்து அவர் பாஷையில் நிதானமாக ஏதோ சொல்லிவிட்டு நின்றார். எல்லோரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்பா... அல்லாவோட கட்டளைப்படியும் நபியோட சொல்படியும், ஓர்ஹானுக்கு... என்னைக் கேக்கிறாங்கப்பா."

உலகத்தில் எந்தப் பெண்ணாவது தன்னைத்தானே பெண் கேட்டிருக்கிறாளா? என் மகள் கேட்டாள்.

நாலு வார்த்தையும் தயாராக இருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. டிக்கெட் எங்கே என்றால் சில பேர் வாயில் பட்டாணியை வைத்துக்கொண்டு முழிப்பார்கள். அப்படி முழித்தேன். அந்த மனுஷர் நின்றுகொண்டே இருக்கிறார். வேறு வழியில்லை, விழுங்கினேன். தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது.

அந்தப் பையன் அப்போதுதான் தன் கப்பை வாயில் வைத்தான். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கப்புக்குள்ளே பார்த்தான். இனிக்கிறது போல. அவளிடம் மெதுவாக என்னவோ கேட்டான். அவள் என் கையில் இருந்த காலிக் கப்பைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர்களிடம் அவள் பேசினாள், நாலைந்து வாக்கியம் இருக்கும். முடிப்பதற்குள் நெர்மின் எழுந்து வந்து இவளைக் கட்டிக்கொண்டார். ரிஃபாத் கண்ணைத் துடைக்கிறார். பையன் வந்து குனிந்து என் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். உதறவும் முடியவில்லை. கையை இழுத்தால் அவனும் கூடவே வருகிறான்.

"ஏ புள்ளே, நான் என்ன சொன்னேன்னு சொன்ன?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலைன்னு சொன்னேன்ப்பா."

"அதுக்கா இத்தனை கட்டிப்பிடி?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெண் கேட்கிற அன்றைக்கு மாப்பிள்ளைக்கு மட்டும் உப்புப் போட்ட காபி கொடுப்பார்களாம். முகம் சுளிக்காமல் குடித்தால், இந்தப் பெண்ணுக்காக எதையும் தாங்குவான் என்று அர்த்தமாம். கப் மாறிவிடக் கூடாது என்று அடையாளத்துக்குத்தான் அந்தக் காது உடைந்ததை எடுத்தாளாம்.

மாறக் கூடாது என்று எடுத்தாள். அதனாலேயே மாறியது. நம் வீட்டில் அந்தக் கப் யாருக்குப் போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் எடுத்திருப்பாளா? நினைக்கவில்லை. சரி விடுங்கள்.

ரிஃபாத் சொன்னதை அவள் அழுதுகொண்டே சொன்னாள். "என் மகன் குடிக்க வேண்டியதை நீங்க குடிச்சிட்டீங்க. மகளுக்காக இப்படிக் குடிச்ச தகப்பனை நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு கப் காபிக்கு நாப்பது வருஷ நன்றின்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

குருசாமி சும்மா இருப்பானா? "இங்க உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லு தாயி. நாப்பதோட முடியிற சமாச்சாரம் இல்லை. இவ அப்பனுக்கு இவளே உப்பிட்டுட்டா." அதையும் அவள் எடுத்துச் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

என்னைப் பெரிய மனுஷன் ஆக்கிவிட்டார்கள் தம்பி. பெரிய மனுஷன் ஆகிவிட்ட பிறகு ஒருத்தன் எப்படி முடியாது என்பான்?

கடைசியாக ஒன்று பண்ணிப் பார்த்தேன். "பரீட்சை பரீட்சைதான். அவனுக்கும் உப்பு போட்டு ஒண்ணு கொண்டா" என்றேன். மூணு ஸ்பூன் போடச் சொன்னேன். முகம் கோணும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. குடித்தான். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. கப்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில், "நல்லா இருக்கு" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து வைத்து, மண்டி வழிந்த கோலத்தைப் பார்த்துக் குறி சொல்வார்களாம். நம்புகிறார்களோ இல்லையோ, நெர்மின் அதில் பெரிய கை. குருசாமி கப்பில் பறவை இருக்கிறது, சேதி வரும் என்றார். ரிஃபாத் கப்பில் ஒரு மீன், அதிர்ஷ்டம். பையன் கப்பில் ஒரு பாதை, ரெண்டு வீடு. என் கப்பையும் எடுத்தார். உள்ளே பார்த்தார். கழுவி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டேனே. ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

செண்பகம் கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் செண்பகவல்லி அம்மன் சன்னதியில் ஒன்று, அங்கே போய் ஒன்று. நான் அங்கே போகவில்லை. மூட்டு வலி. அந்தச் செம்புப் பாத்திரத்தை இவள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீணாகக் கிடப்பானேன் என்று காலையில் தோசைக்கல்லைப் போட்டு வைக்கிறேன். நுரை ஏறி வரும் நேரம் இப்போது கைக்குத் தெரிகிறது. ஆற்றுவதில்லை. காது உடைந்த கப்பில் ஊற்றி, மெதுவாகக் குடித்து, அடியில் மண்டியை விட்டுக் கவிழ்த்து வைக்கிறேன். திருப்பிப் பார்த்தால் மண்டி இருக்கிறது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

உப்பு டப்பாவா? அது இப்போது கீழேதான் இருக்கிறது, கைக்கெட்டுகிற இடத்தில். குருசாமிதான் இறக்கிக் கொடுத்தான். போட்டுக்கொள்வதில்லை. போட்டால் யார் திட்டுவது?

நான் சம்மதம் சொல்லவில்லை தம்பி. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் எல்லோரும் சொன்னேன் என்கிறார்கள்.

இப்போது ஏர்போர்ட்டுக்குத்தான் போகிறேன். இன்றைக்கு வருகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. பத்து நாள். அவனுக்கு லீவு இல்லையாம். காலையில் அலமாரியில் இருந்து கப்பெல்லாம் இறக்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். தங்க விளிம்பு நாலு. காது உடைந்தது ஒன்று.

வீட்டுக்குப் போனதும் நான்தான் காபி போடப் போகிறேன். அங்கேதான் ஒரு சந்தேகம். கழுவும்போதே வந்துவிட்டது, பஸ் ஏறியும் விடவில்லை.

அவளுக்கு எதில் கொடுப்பது?

தங்க விளிம்பில் கொடுத்தால், மகளை விருந்தாளி ஆக்கியதாக ஆகிவிடும். காது உடைந்ததில் கொடுக்கலாம். பத்து நாளில் பெட்டியைத் தூக்குகிறவளை எப்படி வீட்டு ஆள் என்பது? அவள் கண்டுகொள்ள மாட்டாள் என்றும் தோன்றுகிறது. எதில் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பாள். சில நேரம் அதுதான் மோசம் என்று தோன்றுகிறது.

அதோ, டிரைவர் வந்துவிட்டார். குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். இப்போது சொல்லுங்கள். நீங்களானால் எந்தக் கப்பில் கொடுப்பீர்கள்?

என்ன, பேச மாட்டேன் என்கிறீர்கள்?

ஓ. வாயில் காபியா. சரி, சரி. முழுங்கிவிட்டுச் சொல்லுங்கள்.